ஏரிக்கரைக்கு வந்த விஞ்ஞானம்

நெல்லை விதைத்து அறுப்பது போல மீனையும் விதைத்து அறுக்கலாம் என்று நம் பாட்டனார் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் ஊரார் சிரித்திருப்பார்கள். மழை பெய்தால் ஏரி நிரம்பும்; ஏரி நிரம்பினால் மீன் வரும்; கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி அரித்துக்கொண்டு போகும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கண்மாய் வற்றும் தறுவாயில் ஊத்தாவும் வலையும் ஏந்திக் குஞ்சுகுளுவான்களோடு இறங்கும் மீன்பிடித் திருவிழா இன்றும் நடக்கிறது. மீன் எங்கிருந்து வந்தது, எப்படிப் பெருகிற்று என்ற கேள்வியை அக்காலத்தில் யாரும் கேட்கவில்லை. அது வருண பகவான் கொடுத்த வரம், அவ்வளவுதான்.

இன்றோ கடலுக்கு நூறு மைல் உள்ளே இருக்கும் சிற்றூர்ச் சந்தையிலும் கட்லாவும் ரோகுவும் குவிந்து கிடக்கின்றன. அவை பெரும்பாலும் மனிதன் விதைத்து, தீனி போட்டு, வளர்த்து எடுத்தவை. இந்தியாவில் கிடைக்கும் மீனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்போது உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்தே வருகிறது. இந்த மாறுதல் தானாக நிகழ்ந்ததன்று. பொதுஜனங்களின் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியும், அந்த ஆராய்ச்சியின் பலனைக் குடியானவன் வீட்டு வாசல்வரை கொண்டு சேர்த்த போதனையும் சேர்ந்து செய்த காரியம் இது. மீனைத் தொடாத குடும்பத்தினரும் இந்தச் சரித்திரத்தைப் படிக்கலாம். கையில் வாசனை ஒட்டாது!

சென்னை ராஜதானியில் தொடக்கம்

இந்தியாவில் மீனுக்கென்று ஒரு சர்க்கார் இலாகா முறையாகத் தோன்றியது நம் சென்னை ராஜதானியில்தான். 1907-ல் அதை அமைத்தவர் ஸர் பிரெடரிக் நிகல்ஸன் என்ற சிவில் உத்தியோகஸ்தர். கிராமத்தாரைக் கடன் தொல்லையிலிருந்து மீட்கக் கூட்டுறவுச் சங்கங்களே வழி என்று அதற்குச் சில வருஷங்கள் முன்பு பெரிய அறிக்கை எழுதியவரும் இவரே. அன்னிய ஆட்சியின் உத்தியோகஸ்தர்களில் இப்படிச் சிலரும் இருந்தார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1911-ல் கர்நூலுக்கு அருகே சுங்கேசுலாவில் ஒரு மீன் பண்ணை ஏற்பட்டது. 1920-களில் கோதாவரியிலிருந்து கட்லா மீனைக் கொண்டுவந்து காவேரியில் விட்டார்கள். நாம் இன்று மேட்டூர் மீன் என்று சொல்லிச் சுவைக்கும் கட்லா காவேரிக்குப் பிறந்த மீன் அன்று. மருமகளாக வந்த மீன். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் அந்தப் பெரிய நீர்ப்பரப்பில் அது நிலைகொண்டது.

ஆனால் எத்தனை பண்ணை அமைத்தாலும் ஒரு பெரிய முட்டுக்கட்டை மட்டும் நகரவில்லை. விதை இல்லாமல் விவசாயம் செய்ய முடியுமா? மீனின் விதை எங்கே கிடைக்கும்?

குளத்து மீனின் விரதம்

கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்றும் நம் நாட்டின் பெருங்கெண்டை இனங்கள். இவை குளத்தில் நன்றாக வளரும், பருவம் எய்தும், வயிறு நிறையச் சினை கொள்ளும். ஆனால் தேங்கிய தண்ணீரில் முட்டையிடா. பருவமழையில் ஆறு பெருகி, புது வெள்ளம் கரை புரண்டு, தாழ்ந்த வயல்வெளிகளில் பரவும்போதுதான் அவை இணை சேர்ந்து முட்டையிடும். குளத்தில் அடைபட்டவை சினையைச் சுமந்துகொண்டே இருந்து, பருவம் தப்பியதும் அதை உடம்புக்குள்ளேயே கரைத்துக்கொள்ளும்.

ஆகையால் குஞ்சு வேண்டியவர்கள் வெள்ள காலத்தில் கங்கை முதலிய ஆறுகளில் நுண்ணிய வலை கட்டிப் பிடித்தார்கள். அப்படிப் பிடித்தவற்றில் எது ரோகு, எது வாளை என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. கண்ணிமை மயிர் அளவுதானே இருக்கும்! பானைகளில் ஏற்றி ரயிலில் அனுப்பினால் வழியிலேயே பாதி மடியும். மிஞ்சியவற்றைக் காசு கொடுத்து வாங்கிக் குளத்தில் விட்டால் அவற்றுள் கலந்திருந்த வாளைக் குஞ்சு மற்றவற்றைத் தின்று கொழுக்கும். வெள்ளம் பொய்த்த வருஷத்திலோ குஞ்சே கிடையாது. கங்கைக்கு ஆயிரம் மைல் தெற்கே இருக்கும் நம் ஏரிகளுக்கு இந்த விதை எப்படி வந்து சேரும்?

வங்காளத்தில் பாங்குரா, மிதுனபுரி ஜில்லாக்களின் மீன்காரர்கள் ஒரு சூட்சுமத்தைக் கண்டிருந்தார்கள். சரிவான நிலத்தின் கீழ்ப்புறம் கரை போட்டு, மேட்டிலிருந்து மழை வெள்ளம் திடீரென்று வந்து புகும்படி அமைத்த குளங்களில் இந்த மீன்கள் முட்டையிட்டன. ஆறு ஓடாவிட்டாலும், ஓடுகிறது என்று மீன் நம்பினால் போதும் என்பதை ஏட்டறிவில்லாத அந்த மனிதர்கள் விஞ்ஞானிகளுக்கு முன்பே தெரிந்துகொண்டார்கள். எனினும் அப்படிப்பட்ட நிலமும் மழையும் எல்லா இடத்திலும் வாய்ப்பதில்லை.

1943-ம் வருஷத்து வங்காளப் பஞ்சம் நாட்டை உலுக்கியது. உணவு உற்பத்தியைப் பெருக்கும் வழிகளை ஆராய்ந்த கூட்டங்களில் மீனைப் பற்றியும் பேச்சு எழுந்தது. அதன் பலனாக 1947-ல், நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, இரண்டு மத்திய நிலையங்கள் பிறந்தன. கடல் மீனுக்கான நிலையம் சில வருஷங்களில் நம் மண்டபத்துக்கு வந்தது. உள்நாட்டு மீனுக்கான நிலையம் கல்கத்தாவில் தொடங்கிப் பின்னர் பாரக்பூரில் நிலைத்தது. குளத்து மீன் வளர்ப்பை மட்டும் கவனிப்பதற்காக 1949-ல் ஒரிசாவின் கட்டாக்கில் ஒரு கிளை ஏற்பட்டது.

1957, ஜூலை 10

கட்டாக் நிலையத்தில் வேலை பார்த்தவர்களில் ஸ்ரீ ஹீராலால் சௌதுரி என்ற வங்காளியும், ஜனாப் கே. எச். அலிகுஞ்ஞி என்ற கேரளத்தவரும் இருந்தனர். மீனின் மூளைக்கு அடியில் கடுகளவாக பிட்யூட்டரி என்ற கபச் சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து சுரக்கும் ரஸமே முட்டையிடும்படி உடலுக்கு உத்தரவிடுகிறது. வெள்ளத்தின் குளுமையும் ஓட்டமும் அந்தச் சுரப்பியைத் தட்டி எழுப்புகின்றன. அப்படியானால் வேறொரு முதிர்ந்த மீனின் சுரப்பியை எடுத்து, அதன் சாரத்தை ஊசி மூலம் குளத்து மீனுக்குச் செலுத்தினால் என்ன? பிரேஸில் நாட்டில் 1930-களில் வேறு மீன்களிடம் இது பலித்திருந்தது. நம் கெண்டை மீன்களிடம் செய்த ஆரம்ப முயற்சிகளோ உறுதியான வெற்றி தரவில்லை.

பல பருவங்கள் முயன்றபின், 1957-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி ஒரிசாவின் அங்குல் என்னும் ஊர்ப் பண்ணையில் பெருங்கெண்டை இனம் மனிதன் இட்ட ஊசிக்கு இணங்கி முட்டையிட்டது. ஆறு இல்லை, வெள்ளம் இல்லை, குளத்தில் கட்டிய ஒரு துணித் தொட்டிதான் இருந்தது. பின்னாளில் இந்திய சர்க்கார் ஜூலை 10-ஐத் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடத் தொடங்கியதற்குக் காரணம் இதுவே.

முறையைக் கேட்டால் வியப்பாக இருக்கும். முதிர்ந்த மீன்களின் தலையைத் திறந்து சுரப்பியை எடுத்துச் சாராயத்தில் போட்டு வைக்கிறார்கள். வேண்டியபோது அரைத்து, தெளிவை மட்டும் இறுத்து, தாய்மீனுக்கு அந்தி வேளையில் சிறிய அளவில் ஓர் ஊசி. சுமார் ஆறு மணி நேரம் கழித்துப் பெரிய அளவில் இன்னோர் ஊசி. ஆண் மீனுக்கு இரண்டாம் தடவையில் மட்டும் ஒன்று. பிறகு பெண் ஒன்றுக்கு ஆண் இரண்டாகத் துணித் தொட்டியில் விட்டால் நாலு முதல் ஆறு மணி நேரத்தில் முட்டையிட்டுவிடும். ஒரு கிலோ எடையுள்ள தாய் ரோகு சுமார் இரண்டு லட்சம் முட்டையிடும். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கழிவதற்குள் முட்டை பொரிந்துவிடும். கங்கை வெள்ளத்துக்காகக் காத்திருந்த காலம் போய், வேண்டிய இனத்தின் விதையைக் கலப்பில்லாமல், வேண்டிய தேதியில் பெறும் காலம் வந்தது. இப்போது ஆலையில் தயாரித்த மருந்தும் கிடைக்கிறது. ஒரே ஊசி போதும்.

இந்த முறையைக் கண்டவர்கள் சர்க்கார் சம்பளத்தில் வேலை செய்தவர்கள். எனவே வித்தை யாருடைய பெட்டியிலும் பூட்டப்படவில்லை. மாகாண இலாகாக்களின் உத்தியோகஸ்தர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் பண்ணைக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வங்காளத்துக் கிராமங்களில் படிப்பு வாசனை அதிகமில்லாத வீடுகளிலும் மீனுக்கு ஊசி போடக் கற்றுக்கொண்டு, குஞ்சு விற்பதையே குலத்தொழில் போல ஆக்கிக்கொண்டார்கள்.

மூன்று மாடி வீடு

விதை கிடைத்தபின் விளைச்சலைப் பெருக்கும் கேள்வி வந்தது. 1971-ல் நாட்டின் பல பகுதிகளில் ஒரே சமயத்தில் சோதனை செய்யும் திட்டம் ஒன்று தொடங்கியது. குளத்தை மூன்று மாடி வீடாகப் பார்த்தார்கள். கட்லா மேல் மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிரைத் தின்னும். ரோகு நடு மட்டத்தில் மேயும். மிர்கால் அடிச் சேற்றைக் கிளறும். சீனத்துப் புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும், வெளிநாட்டுச் சாதாக் கெண்டையும் இவற்றோடு குடியேறின. ஒருவர் உணவை ஒருவர் பறிக்காமல் அனைவரும் ஒரே குளத்தில் வளர்வதே கூட்டு மீன் வளர்ப்பு.

இந்தப் பாடத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோக 1970-களின் நடுவில் ஜில்லாதோறும் மீன் வளர்ப்போர் அபிவிருத்தி முகமைகள் ஏற்பட்டன. முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் நம் அண்டையில் உள்ள புதுச்சேரியில்தான் தொடங்கியது. தூத்துக்குடியில் 1977-ல் மீன்வளக் கல்லூரியும், நாகப்பட்டினத்தில் 2012-ல் மீன்வளப் பல்கலைக்கழகமும் வந்தன. முகமைகளின் கீழ் வந்த குளங்களில், ஆரம்பத்தில் ஹெக்டேருக்கு ஐம்பது கிலோ அளவில் இருந்த சராசரி விளைச்சல் இருபது வருஷங்களில் இரண்டாயிரம் கிலோவைத் தாண்டிற்று.

நல்ல போதனை எப்படி இருக்கும் என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்கிறேன். உபாத்தியாயனுக்கு இதில் ஒரு தனி ஆசை.

விரால் போன்ற கொல்லி மீன்களைக் குளத்திலிருந்து ஒழிக்க விஷ மருந்து தேவையில்லை. இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து விட்டால் அவை செத்து மிதக்கும்; இரண்டு மூன்று வாரத்தில் அதன் கடுமை தீர்ந்து, அதே பிண்ணாக்கு குளத்துக்கு எருவாகிவிடும். சாணமும் சுண்ணாம்பும் இட்டால் தண்ணீரில் பச்சைப் பாசி நுண்ணுயிர் உண்டாகி, மீனுக்குத் தாய்ப்பால் போல உதவும். அது அளவாக இருக்கிறதா என்பதை அறியக் கருவி வேண்டாம். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டு உள்ளங்கையைப் பார். முழங்கை நனைவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்தால் எரு அதிகம், நிறுத்து. முழங்கை நனைந்த பிறகும் ரேகை தெரிந்தால் எரு குறைவு, போடு.

மேகம் மூடிய நாட்களுக்குப் பின் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பசி என்று எண்ணித் தவிடு போடுகிறவன் குளத்தையே இழப்பான். அது பசியன்று, மூச்சுத் திணறல். பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவைத் தரும் அதே பாசி இரவில் அதை உண்கிறது. வெயில் இல்லாத நாளில் வரவு இல்லை. செலவு மட்டும் உண்டு. உடனே புதுத் தண்ணீர் விட வேண்டும். தீனியையும் எருவையும் நிறுத்த வேண்டும். இதை அறிந்தவன் ஒரு காலை வேளையில் பல்லாயிரம் ரூபாயைக் காப்பாற்றுகிறான்.

மாணாக்கர் குருவை மிஞ்சினால்

போதனை ஒருவழிப் பாதையன்று என்பதற்கு ஆந்திர நாடு சாட்சி. கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் நடுவே உள்ள கொல்லேறு ஏரிப் பக்கத்து விவசாயிகள் ஆறு இனக் கூட்டு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார்கள். பிறகு கணக்குப் பார்த்து, கல்கத்தாச் சந்தையில் விலைபோகும் ரோகுவையும் கட்லாவையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளினார்கள். குஞ்சை நெருக்கமாக அடைத்து, அரைவயிற்றுத் தீனியில் ஏறக்குறைய ஒரு வருஷம் குறுக்கி வைத்து, பின்பு விசாலமான குளத்தில் விட்டால் அது மளமளவென்று வளர்வதைக் கண்டார்கள். எண்ணெய் எடுத்த தவிட்டைத் துளையிட்ட பைகளில் கட்டித் தொங்கவிட்டு, மீனே வந்து கொறிக்கும்படி செய்தார்கள். ஐஸ்கட்டி போட்டு லாரி லாரியாக வங்காளத்துக்கே மீன் அனுப்பினார்கள்! விஞ்ஞானிகள் பிற்பாடு வந்து இவர்களிடம் பாடம் கேட்டுக்கொண்டார்கள்.

ஆனால் அந்தச் செழிப்பு பறவைகளின் சரணாலயமான ஏரியையே கரை போட்டு விழுங்கத் தொடங்கியது. 2006-ல் சர்க்கார் ஏரிக்குள் இருந்த குளங்களை உடைத்து அகற்ற நேர்ந்தது. விளைச்சலைப் பெருக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லையையும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

இதைவிடக் கசப்பான பாடம் நம் தஞ்சைக் கடற்கரையில் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணை என்ற மோகம் பெரும் முதலாளிகளைப் பிடித்தது. உவர்நீர் மீன் வளர்ப்புக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் 1987-ல்தான் சென்னையில் தோன்றியிருந்தது; அதற்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. அறிவு நடந்து வந்தது; பணம் ஓடி வந்தது. நெல் வயலை ஒட்டிக் குளங்கள் வெட்டப்பட்டன. குடிநீர்க் கிணறுகள் உப்புக் கரித்தன. 1994, 95-ல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளைப் பாழாக்கியது. காந்தியடிகள் வழி நின்ற சர்வோதயத் தொண்டர் ஸ்ரீ எஸ். ஜகந்நாதன் ஏழை ஜனங்களுக்காகச் சத்தியாக்கிரகம் செய்தார். சுப்ரீம் கோர்ட்டுக்கும் சென்றார். 1996 டிசம்பரில் கோர்ட் கடற்கரை எல்லைக்குள் இருந்த பெரும்பண்ணைகளை அகற்றும்படி தீர்ப்பளித்தது. பின்னர் 2005-ல் இத்தொழிலைக் கண்காணிக்கத் தனிச் சட்டம் பிறந்தது. இன்று இறால் குஞ்சில் நோய் இருக்கிறதா என்று முன்கூட்டிச் சோதிக்கும் முறையைச் சென்னை நிலையமே வகுத்துத் தந்திருக்கிறது. அந்த முறை முன்பே இருந்திருந்தால், அந்த எச்சரிக்கை முன்பே கடற்கரைக் கிராமங்களுக்குப் போயிருந்தால், எத்தனை கண்ணீர் மிச்சமாகியிருக்கும்!

நம் ஏரிக்கு நம் ஆராய்ச்சி

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. அவற்றில் மிகுதியானவை வருஷத்தில் நாலு முதல் ஆறு மாதம்தான் தண்ணீரைப் பார்க்கும். வங்காளத்துக் குளம் வருஷம் முழுவதும் நிறைந்திருக்கும். அங்கே செய்த பாயசத்தை இங்கே அப்படியே பரிமாற முடியாது. இங்கே பொடிக் குஞ்சை விட்டால் அது வளர்வதற்குள் ஏரி வற்றிவிடும். பெரிய விரலளவுக் குஞ்சாக முன்கூட்டியே வளர்த்து, வடகிழக்கு மழையில் ஏரி நிரம்பியதும் விட்டால்தான் மாசி, பங்குனிக்குள் கைக்கு வரும். அப்படியானால் குஞ்சு வளர்க்கும் சிறு குட்டைகள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்க வேண்டும். வட்டாரத்துக்கு ஏற்ற ஆராய்ச்சி என்று சொல்வதன் பொருள் இதுதான்.

இன்னும் இரண்டு முடிச்சுகள் உண்டு. ஏரி பொதுச் சொத்து; மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குறுகிய காலக் குத்தகை எடுத்தவன் ஏரியை வளர்க்க மாட்டான், வழித்தெடுத்துக்கொண்டு போவான். அவனுக்கு எத்தனை வகுப்பு நடத்தினாலும் என்ன பயன்? ஊர்ச் சங்கங்களுக்கும், பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கும் சில வருஷங்கள் நிலையான உரிமை கொடுத்தால்தான் கற்ற வித்தை கரையில் தங்கும். மற்றொன்று, மதகு. தண்ணீரைத் திறக்க வேண்டும் என்பான் ஆயக்கட்டு விவசாயி. மூட வேண்டும் என்பான் மீன் குத்தகைக்காரன். இந்த வழக்கில் பயிருக்கே முதல் உரிமை. ஆனால் ஏரியின் ஆழமான மூலையில் மீனுக்காக ஒரு பள்ளம் வெட்டி வைத்தால் இருவரும் சண்டையின்றி வாழலாம்.

நாட்டு மீன்களையும் மறக்கக் கூடாது. விராலும் நாட்டுக் கெளுத்தியும் அயிரையும் நம் சமையலுக்கும் நாவுக்கும் உரியவை. மத்திய சர்க்கார் தடை செய்துள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுத்தனமாக வளர்ப்பவன், அது தப்பி ஏரிக்குள் புகுந்தால் இந்த நாட்டு இனங்களைத் தின்று தீர்க்கும் என்பதை எண்ணுவதில்லை. விராலைப் பண்ணையில் பெருக்குவது கடினம். பசித்தால் ஒன்றையொன்று விழுங்கும் சுபாவம் அதற்கு. லாபம் உடனே தெரியாத இத்தகைய ஆராய்ச்சியைத் தனி முதலாளி ஏன் செய்யப் போகிறான்? பொதுப் பணம்தான் செய்ய வேண்டும்.

ஒரு பெரிய வட்டாரத்தின் ஏரிகள் அனைத்துக்கும் ஒன்றிரண்டு மீன்வள உத்தியோகஸ்தரே இருந்தால், அவரிடம் வித்தை எவ்வளவு இருந்தாலும் கரைக்கு வந்து சேராது. சட்டசபையில் மானியக் கோரிக்கை வரும்போது ஆராய்ச்சிக்கும் போதனைக்கும் ஒதுக்கும் தொகையை வீண் செலவு என்று கருதுவோர் எப்போதும் உண்டு. அவர்களுக்கு அங்குல் பண்ணைத் துணித் தொட்டியைக் காட்டினால் போதும். சில உத்தியோகஸ்தர்களின் சம்பளமும் சில வருஷத்துப் பொறுமையும் ஒரு தேசத்தின் உணவுக்கே வழி காட்டின.

வாசகர்கள் ஒன்று செய்யலாம். அருகில் சர்க்கார் மீன் பண்ணையோ வேளாண் அறிவியல் நிலையமோ இருந்தால் அனுமதி பெற்று விடுமுறையில் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். கண்ணிமை மயிர் போன்ற குஞ்சுகள் தண்ணீரில் லட்சக்கணக்கில் நெளிவதைப் பார்த்த குழந்தை, தன் ஊர் ஏரியில் குப்பை கொட்டுகிறவனைப் பார்த்துச் சும்மா இராது. ஏரியைத் தூர்த்து மனை போடுகிறவனையும் ஒருநாள் அது கேள்வி கேட்கும். ஏரி இருந்தால்தானே மீனும், மீனைப் பற்றிய விஞ்ஞானமும்!